வளரும் எலும்பும் ஏறும் சீனியும்: ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகளை முன்வைத்து

இரத்தத்தில் சீனி கூடினால் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் கெடும் என்பது இன்று பதுளைச் சந்தைக்கு வருகிற எவருக்கும் தெரிந்த செய்தி. எலும்பும் அந்தப் பட்டியலில் சேருமா, சேருமென்றால் எந்த வயதில், எந்த வழியில் என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளாக விடையை மாற்றி மாற்றிச் சொல்லிவருகிறது. 1922 சனவரியில் டொரன்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற லியோனார்ட் தொம்சனுக்கு வயது 14. எடை 30 கிலோவுக்கும் குறைவு. அதற்கு முன் நீரிழிவு கண்ட பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. அவர்களுடைய எலும்பைப் பற்றி யோசிக்க எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. இன்சுலின் வந்து ஐந்தே ஆண்டுகளில், 1927இல், பொஸ்டனில் மொரிசன், போகன் என்ற இருவர் நீரிழிவுள்ள பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியை எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்து எழுதினார்கள். ஆக, இது தொடக்கத்திலிருந்தே பிள்ளைகளைப் பற்றிய கேள்வி. முதியோரின் இடுப்பெலும்பு முறிவுக்கு அது பின்னால்தான் போய்ச் சேர்ந்தது.

நம்முடைய சித்த மருத்துவமும் இதன் ஓரத்தைத் தொட்டிருக்கிறது. உடற்கட்டுகள் ஏழில் ஒன்றாக அது என்பைச் சொல்கிறது. மதுமேகம் என்று அது அழைக்கும் நீரிழிவில் உடற்கட்டுகள் மெலிந்து வற்றும் என்று கருதுகிறது. இதை இன்றைய உயிர்வேதியியலின் முன்னறிவிப்பாக வாசிப்பது மிகை. நோயாளியைக் கண்ணால் பார்த்தே அறியக்கூடிய ஓர் உண்மை பதிவாகியிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

இந்த நூறாண்டு விடைகள் பெரும்பாலும் பொஸ்டனிலும் இலண்டனிலும், அண்மைக்காலமாகப் புனேயிலும் வேலூரிலும் பிறந்தவை. அவற்றைப் பசறை, நமுனுகுல, மடுல்சீமை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் வளரும் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் மீது வைத்துப் பார்த்தால் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

ஊவாவின் கணக்கு

பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்கள் கொண்டது ஊவா மாகாணம். 2012 குடிசன மதிப்பீட்டில் பதுளை மாவட்டத்தின் மக்கள்தொகை எட்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் தமிழர், பெரும்பாலும் மலையகத் தமிழர். நீரிழிவைப் பொறுத்தவரை ஊவா நெடுநாள் பாதுகாப்பான மாகாணமாகவே எண்ணப்பட்டது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் பிரசாத் கட்டுலந்த குழுவினர் ஏழு மாகாணங்களில் நடத்திய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. மேல் மாகாணத்தில் அது 18.6 சதவீதம்; ஊவாவில் 6.8 சதவீதம், எல்லா மாகாணங்களிலும் குறைவு. 2018, 2019இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதம் என்ற கணக்கைத் தந்தது. அளவிட்ட முறைகள் வேறுபடுவதால் இரண்டையும் நேருக்குநேர் வைக்க முடியாது. ஆனால் ஏறுமுகம் என்பதில் ஐயமில்லை. தோட்டத்து லயங்களில் இப்போது வீட்டுக்கு ஒருவராவது ‘சீனி வருத்தம்’ என்று கிளினிக் கொப்பி வைத்திருப்பதைக் காணலாம். அந்தக் கொப்பி பெரும்பாலும் தாத்தா, அம்மாயி பெயரில் இருக்கிறது. பேரப்பிள்ளையின் பெயரில் ஒன்று தேவைப்படுமா என்பதுதான் இனி வரப்போகும் கேள்வி.

எலும்பு கட்டப்படும் ஆண்டுகள்

கட்டிளமைப் பருவத்தை ஏன் தனியே எடுத்துப் பேச வேண்டும்? கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்து பின்தொடர்ந்த ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. எலும்பில் கனிமம் மிக வேகமாகச் சேரும் வயது பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12½, ஆண்பிள்ளைகளுக்கு 14. வளர்ந்தவர் உடம்பிலுள்ள எலும்புக் கனிமத்தில் கால் பங்குக்கும் சற்று மேலானது அந்த உச்சத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. முப்பதுகளுக்குப் பின் உடம்பு செய்வது பெரும்பாலும் செலவு. வரவு வைக்கும் காலம் இதுதான்.

இதே வயதில்தான் இன்சுலினின் வேலைத்திறன் இயல்பாகவே சற்றுத் தளர்கிறது. பருவமடையும்போது வளர்ச்சி ஓமோன் கூடுவதால் இன்சுலினுக்கு உடம்பு முன்போல் இணங்குவதில்லை. நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளையிலும் இது நிகழும். எலும்புக்கு அதிகம் தேவைப்படும் ஆண்டுகளும் சீனிச் சமநிலை எளிதில் குலையும் ஆண்டுகளும் ஒன்றாகவே வருகின்றன.

தோட்டத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 31.7 சதவீதம். அன்று பிள்ளைக்காம்பராவில் இருந்த அந்தப் பிள்ளைகளே இப்போது 7ஆம், 10ஆம் வகுப்புகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களின் எலும்பு உச்சம் இந்த ஆண்டுகளில் வருகிறது அல்லது, பருவமடைதல் பிந்தினால், சற்றுத் தள்ளி வருகிறது.

முதல் விடை: இன்சுலின் இல்லாத உடம்பு

மிகப் பழைய நிலைப்பாடு, எலும்புக் குறைக்குக் காரணம் இன்சுலின் இன்மை என்பது. முதலாம் வகை நீரிழிவில் கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. இன்சுலினும் அதனோடு சேர்ந்தியங்கும் வளர்ச்சிக் காரணிகளும் எலும்பு கட்டும் செல்களைத் தூண்டுபவை. அவை குறைந்தால் கட்டுமானம் மந்தமாகும். சீனி சிறுநீரில் வழியும்போது கல்சியமும் கூடவே வெளியேறுகிறது. 1930இல் பிரான்சின் போர்தோ நகர வைத்தியர் பியர் மோரியாக் வேறொரு கோலத்தை விவரித்தார்: சீனி சரிவரக் கட்டுப்படாமல், ஈரல் வீங்கி, உயரம் நின்றுபோய், பருவமடைதல் தள்ளிப்போன பிள்ளைகள். அவர் பெயரால் அழைக்கப்படும் அந்நிலை செல்வந்த நாடுகளில் அரிதாகிவிட்டது. இன்சுலின் ஒழுங்காகக் கிடைக்காத இடங்களில் இன்னும் தலைகாட்டுகிறது.

1976இல் லெவின் குழுவினர் அமெரிக்காவில் எலும்புத் திணிவை அளந்து, இளவயதில் நோய் கண்டவர்களிடம் அது குறைந்திருப்பதைக் காட்டிய பின் இந்த நிலைப்பாடு உறுதிப்பட்டது. 2007இல் வெஸ்டர்கார்ட் தொகுத்த கணக்கில், முதலாம் வகையினருக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆனால் இந்த எண்ணைக் கேட்டுப் பிள்ளையின் தாய் பதறத் தேவையில்லை. பிரித்தானியாவில் முதலாம் வகை நீரிழிவுள்ள 30,000க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து வெபர் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 20 வயதுக்குட்பட்ட ஆண்களின் கூடுதல் ஆபத்து 14 சதவீதம், பெண்களுக்கு 35 சதவீதம் என்ற அளவிலேயே இருந்தது. வயது ஏறத்தான் இடைவெளி விரிகிறது. இளமையில் முறிவு குறைவு என்பதற்காக இளமையில் கேடு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சேரவேண்டியது சேராமல் போனதன் விலையை உடம்பு நாற்பது ஆண்டுகள் கழித்தும் கொடுக்கலாம்.

புனேயில் அனுராதா காடில்கர் குழுவினர் முதலாம் வகை நீரிழிவுள்ள இந்தியப் பிள்ளைகளின் எலும்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். எலும்பின் அடர்த்தியோடு அதன் பருமனும் குறைகிறது, நோய் நீடிக்க நீடிக்கக் குறை கூடுகிறது என்பது அவர்களின் ஆய்வுகள் சுட்டும் திசை. மலையகத்துக்கு இந்தத் திசை முக்கியமானது. பொஸ்டன் பிள்ளைக்கு இன்சுலின் மட்டும் குறை. புனேப் பிள்ளைக்கு இன்சுலினோடு கல்சியமும் புரதமும் குறை. லயத்துப் பிள்ளை இரண்டாமவரோடுதான் சேர்வார்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் ஒன்று உண்டு. முதலாம் வகை நீரிழிவு அரிய நோய். அதில் கண்டதை வைத்து, சீனி சற்றே ஏறிய பிள்ளைகள் அனைவரையும் பற்றிப் பேச முடியாது.

இரண்டாம் விடை: அடர்த்தி குறையாமலே முறியும் எலும்பு

இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரிவர இணங்காத இரண்டாம் வகை நீரிழிவைப் பார்க்கத் தொடங்கியபோது ஆய்வாளர்கள் குழம்பினார்கள். அந்நோயாளிகளின் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தது. உடல் எடை கூடியவர்கள் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆயினும் அமெரிக்காவில் வயது முதிர்ந்த பெண்களைப் பின்தொடர்ந்து ஆன் சுவார்ட்ஸ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் நீரிழிவுள்ளோருக்கு முறிவுகள் அதிகம் என்றது. அடர்த்தி போதும், வலிமை போதாது.

எலும்பு என்பது வெறும் சுண்ணாம்பு இல்லை. கொலாஜன் என்ற புரத இழைகளின் மேல்தான் கனிமம் படிகிறது. நெளிந்துகொடுக்கும் தன்மையைத் தருவது அந்த இழைகள். இரத்தத்தில் நீண்டகாலம் மிகுந்திருக்கும் சீனி அந்த இழைகளோடு ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைக்கிறது. முறுகப் பொரித்த அப்பளம் போல எலும்பு விறைத்துப்போகிறது. அடர்த்தி மானியில் இது தெரிவதில்லை. பழைய எலும்பை அகற்றிப் புதியதை வைக்கும் இயல்பான புதுப்பிப்பும் மந்தமாவதால் கெட்டுப்போன இழைகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. பார்வை மங்குதல், கால் மரத்தல், ஊசியால் சீனி திடீரென இறங்குதல் ஆகியவை முதியோரை விழச் செய்வதும் முறிவுக்கு ஒரு காரணம். பயோகிளிட்டசோன் போன்ற சில மாத்திரைகள் முறிவைக் கூட்டுவதும் அறியப்பட்டதே. பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மெட்போர்மின் எலும்புக்குத் தீங்கு செய்வதாகச் சான்றில்லை.

பதின்ம வயதினருக்கு இது எவ்வளவு பொருந்தும்? இங்கே நிதானம் வேண்டும். இழைகள் இறுகிப் பிணைவதற்கு ஆண்டுகள் தேவை. பிள்ளையின் எலும்போ வேகமாகப் புதுப்பிக்கப்படுவது. எனவே முதியோரின் கதையை அப்படியே இறக்கிவைப்பது தவறாகலாம். ஆனால் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பொலொக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், எடை மிகுந்த சிறுவர்களுக்குள்ளேயே சீனி எல்லையைத் தொட்டவர்களின் எலும்புத் திணிவு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. எடை சமமாக இருந்தும் எலும்பு சமமில்லை. வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் இன்சுலினுக்கு இணங்காத உடம்பும் எலும்பு சேர்வதைத் தடுக்கின்றன என்ற கருத்துக்கு அது வலுச்சேர்த்தது. ஒரே காலத்தில் எடுத்த அளவீடு என்பதால் எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

அந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டவர் கொலம்பியப் பல்கலைக்கழகத்தின் ஜெரார்ட் கார்சென்ட்டி. எலும்பு சுரக்கும் ஒஸ்டியோகல்சின் என்ற புரதம்தான் இன்சுலினை ஏவுகிறது, அதாவது எலும்பே சீனியை ஆள்கிறது என்று 2007இல் அவர் குழு எலிகளைக் கொண்டு வாதிட்டது. அழகான கருத்து, பத்தாண்டுகளுக்கு மேல் ஆய்வுலகை ஈர்த்தது. 2020இல் இரு வேறு குழுக்கள் அந்தப் புரதம் இல்லாத எலிகளைப் புதிதாக உருவாக்கிப் பார்த்தபோது சீனியில் மாற்றம் எதையும் காணவில்லை. அதன்பின் இந்த நிலைப்பாடு தளர்ந்திருக்கிறது. கைவிடப்பட்டுவிட்டது என்று சொல்லும் கட்டம் இன்னும் வரவில்லை.

மூன்றாம் விடை: மெலிந்த உடம்பின் நீரிழிவு

மேற்சொன்ன இரண்டிலும் தோட்டத்துப் பிள்ளை சரியாக அமர்வதில்லை. முதலாவது, அரிய நோயுள்ள பிள்ளையைப் பற்றியது. இரண்டாவது, கொழுத்த பிள்ளையைப் பற்றியது. உயரம் குறைந்து, கை கால் மெலிந்து, இரத்தசோகையோடு இருக்கும் பிள்ளைக்குச் சீனி ஏறினால் அது எந்த வகை? எலும்பு என்னவாகும்? இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாக வந்தவை தென்னாசியாவின் ஆய்வுகளே.

1993இல் தொடங்கிய புனே தாய்மார் ஊட்ட ஆய்வில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கிராமத்துச் சிசுக்களை இங்கிலாந்தின் சவுத்ஹம்டன் சிசுக்களோடு ஒப்பிட்டார்கள். புனேச் சிசுக்களின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோவுக்கும் குறைவு. தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் பெரிதும் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. கருவில் பட்டினி கிடந்த உடம்பு பின்னாளில் இன்சுலினுக்கு இணங்காது என்று ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் முன்வைத்த கருதுகோளுக்கு இது தென்னாசிய முகம் கொடுத்தது. கொழும்புப் பிள்ளைகளை ஆராய்ந்த பூஜித விக்கிரமசிங்க, சர்வதேச உடற்பருமன் அளவுகோல் நம் பிள்ளைகளின் கொழுப்பைக் குறைத்தே காட்டுகிறது என்று எழுதியதும் இதோடு சேரும். இந்தியாவின் 2016–18 தேசிய ஊட்ட அளவீட்டில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் பத்தில் ஒருவருக்குச் சீனி, நோயின் எல்லையைத் தொட்டிருந்தது. ‘எங்கள் பிள்ளை ஒல்லி, அதனால் பயமில்லை’ என்ற ஆறுதலுக்கு இந்த ஆய்வுகள் இடம் தருவதில்லை.

இன்னொரு கிளை வேலூரிலிருந்து வருகிறது. அதன் முன்கதை நீண்டது: 1955இல் ஹியூ ஜோன்ஸ் ஜமேக்காவில் ஒரு தனிவகை நீரிழிவைக் கண்டார். நோயாளிகள் இளையோர், மெலிந்தோர். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ், கணையத்தில் கல் படிந்து வரும் நீரிழிவை விரிவாகப் பதிவு செய்தார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் போசாக்கின்மையோடு தொடர்புடைய நீரிழிவைத் தனி வகையாக ஏற்றது; சான்று போதாது என்று 1999இல் நீக்கியது. 2022இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நியூயோர்க்கின் மெரடித் ஹோக்கின்ஸ் குழுவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, மெலிந்த இந்த நோயாளிகளின் குறை இன்சுலின் சுரப்பதில்தான், இணங்காமையில் இல்லை என்று காட்டியது. 2025 ஏப்ரலில் பேங்கொக்கில் கூடிய சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதற்கு ‘ஐந்தாம் வகை’ என்று பெயரிட்டது. தனி நோயா, பல நோய்களின் கூட்டா என்ற வாதம் ஓயவில்லை.

எலும்புக்கு இதில் என்ன பாடம்? கணையம் கெட்டால் கொழுப்புச் செரிப்பும் கெடும், கொழுப்போடு உட்செல்லவேண்டிய விற்றமின் டி வெளியேறிவிடும், எலும்பு மெலியும். கல் படிந்த கணையமுள்ள இந்திய நோயாளிகளில் எலும்பு அடர்த்திக் குறைவு பரவலாகக் காணப்பட்டதும் இதனோடு பொருந்துகிறது. இங்கே சீனி எலும்பைக் கெடுத்தது என்று சொல்வதைவிட, போசாக்கின்மை என்ற ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைத்தன என்பதே சரி. ஊவாவைப் பொறுத்தவரை, இந்த நிலைப்பாட்டுக்கே மற்றவற்றைவிட அதிகச் செவி கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தோட்டங்களின் கதையும் அப்படிச் சொல்கிறது. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டத்துறையின் இறப்பு வீதம் ஏறியதை அன்றைய பதிவுகள் காட்டுகின்றன. அந்த ஆண்டுகளில் கருவில் இருந்தவர்களில் பலர் இன்றைய பிள்ளைகளின் பெற்றோர் அல்லது பாட்டன், பாட்டிகள். ஒரு தலைமுறையின் பசி அடுத்தடுத்த தலைமுறையின் சீனியாக இறங்குமா என்பது நிறுவப்பட்ட ஒன்றல்ல, புறந்தள்ளக்கூடியதும் அல்ல.

இதற்கு ஓர் எதிர்ச்சான்றையும் வைக்க வேண்டும். ஐதராபாத்துக்கு அருகே 29 கிராமங்களில், 1987 முதல் 1990 வரை சில கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் மேலதிக உணவு வழங்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் 13 முதல் 18 வயதானபோது கின்ரா குழுவினர் அளந்து 2008இல் எழுதினார்கள்: உணவு பெற்றவர்கள் 14 மில்லிமீற்றர் உயரம் கூடியிருந்தார்கள், இன்சுலினுக்கு அவர்கள் உடம்பு நன்றாக இணங்கியது. ஆனால் வளர்ந்த பின் எலும்புத் திணிவை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், சிறுவயது உணவைவிட அப்போதிருந்த தசைத் திணிவும் உடலுழைப்புமே முன்னுக்கு நின்றன. சீனிக்கு ஆரம்ப ஆண்டுகள், எலும்புக்கு அண்மைய ஆண்டுகள் என்று எளிமையாகப் பிரித்துவிடக்கூடாது. என்றாலும், சிறுவயதில் இழந்ததைக் கட்டிளமையில் ஓரளவு மீட்கலாம் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமிருக்கிறது.

பதுளையின் தனிக் கணக்கு: தலசீமியா

சீனியும் எலும்பும் ஒரே பதின்ம உடம்பில் ஐயத்துக்கிடமின்றிச் சந்திக்கும் நோய் ஒன்று பதுளையில் உண்டு. இலங்கையில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் மிகுதியாகக் காணப்படும் பகுதிகளாகக் குருணாகல், அனுராதபுரம் ஆகியவற்றோடு பதுளையும் சொல்லப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, நாட்டில் சராசரியாக 2.2 சதவீதத்தினர் பீட்டா தலசீமியாவையும் 0.5 சதவீதத்தினர் ஹீமோகுளோபின் ஈ என்ற மாற்றத்தையும் நோயின்றிச் சுமப்பதாக மதிப்பிட்டது. சுமப்போர் இருவர் மணந்து பெறும் பிள்ளைக்கு நோய் வரலாம்.

கடும் தலசீமியா உள்ள பிள்ளை மாதந்தோறும் இரத்தம் ஏற்றுகிறது. அதனோடு வரும் இரும்பு வெளியேற வழியின்றிக் கணையத்தில் படிந்து நீரிழிவையும், பாலியல் ஓமோன்களை ஏவும் சுரப்பியில் படிந்து பருவமடைதல் தாமதத்தையும் உண்டாக்குகிறது. எலும்பு மச்சை இரத்தம் செய்யப் பெருமுயற்சி செய்து வீங்குவதால் புற எலும்பு மெல்லியதாகிறது. ஓமோன் இல்லை, இன்சுலின் இல்லை, இடமும் இல்லை: எலும்புக்கு மூன்று பக்கமும் அடைப்பு. அதனால்தான் சர்வதேச தலசீமியா வழிகாட்டிகள் பத்து வயது தொட்டே சீனியையும் எலும்பையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்கின்றன. இந்நோய் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று, எல்லாச் சமூகத்தவருக்கும் வருவது. ஆனால் சீனியையும் எலும்பையும் ஒரே கிளினிக்கில் ஒரே கொப்பியில் பார்க்கும் பழக்கம் பதுளையில் வேர்விட வேண்டுமானால், அது இங்கிருந்தே தொடங்கக்கூடும்.

கோணும் அளவுகோல்கள்

மேலே கண்ட எந்த நிலைப்பாட்டையும் தோட்டத்தில் சோதித்துப் பார்க்க முனைந்தால் முதல் தடை கருவிகளிலேயே வரும். மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, சிவப்பணுவில் ஒட்டிய சீனியை அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் நெடுநாள் தங்கி, எண் உண்மையைவிட ஏறும். தலசீமியாவில் அவை சீக்கிரம் அழிவதால் எண் இறங்கும். குருதிச்சோகை மலிந்த தோட்டங்களும் தலசீமியா மலிந்த மாவட்டமும் ஒன்றாக இருக்குமிடத்தில் இந்தச் சோதனையைத் தனியே நம்ப முடியாது. வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் எடுக்கும் பழைய சோதனையே பாதுகாப்பானது. முன்பு சொன்ன இந்திய அளவீட்டின் ‘பத்தில் ஒருவர்’ என்ற கணக்கையும் இந்த எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவிக்கும் இதே சிக்கல். அது எலும்பின் நிழற்பரப்பை வைத்துக் கணிப்பது. சிறிய எலும்பை அடர்த்தி குறைந்ததாகக் காட்டும். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளையை வயதை மட்டும் வைத்து ஒப்பிட்டால், நல்ல எலும்புக்கும் நோய்ப்பெயர் சூட்டிவிடலாம். ஆகவே உயரத்துக்கேற்பத் திருத்திக் கணிக்க வேண்டும் என்றும், பிள்ளைகளில் எலும்புச்சிதைவு என்ற முடிவுக்குக் கருவியின் எண் மட்டும் போதாது, முறிவு வரலாறும் வேண்டும் என்றும் சர்வதேச எலும்பு அளவீட்டுச் சங்கம் வலியுறுத்துகிறது. பெரிய விபத்தின்றி முதுகெலும்பு நசுங்கினால், அல்லது அடர்த்தி மிகக் குறைந்த பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் இரண்டு, 19க்குள் மூன்று நீள் எலும்பு முறிவுகள் ஏற்பட்டிருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்லலாம்.

ரொட்டியும் வெயிலும் ஏற்றமும்

உணவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். குறை எங்கே என்பது தெரிந்ததுதான். கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி கூடிய சாயத்தண்ணி என்ற காலைச் சாப்பாட்டில் மாச்சத்து உண்டு. புரதமும் கல்சியமும் சொற்பம். கட்டிளமையில் ஒருநாளைக்கு 1,000 முதல் 1,300 மில்லிகிராம் கல்சியம் தேவை என்கின்றன வழிகாட்டிகள். மாடு வளர்க்கும் தோட்டத்து வீட்டிலும் பால் பெரும்பாலும் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அது கைக்காசு. ஊவாவின் சேனைகளில் விளையும் குரக்கனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாடும் முருங்கைக் கீரையும் அதற்குத் துணை. திரிபோஷா சிறுபிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது, பதின்ம வயதுப் பிள்ளை அந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

விற்றமின் டி பற்றிய பொதுநம்பிக்கை, வெயில் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை என்பது. கண்டியில் வாழ்வோரையும் நோர்வேயில் குடியேறிய இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில் இங்குள்ளோரின் அளவு கூடுதலாகவே இருந்தது. அதற்காக, மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும் சூழும் ஹப்புத்தளை முகட்டுப் பிள்ளைக்கும் அதுவே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மறுபுறம், ஏற்ற இறக்கத்தில் நடந்து பாடசாலைக்குப் போவது எலும்புக்கு மிகச் சிறந்த மருந்து. பாரம் தாங்கும் அசைவு எலும்பைக் கட்டுகிறது, தசையை இன்சுலினுக்கு இணங்கவைக்கிறது. ஐதராபாத் ஆய்வு சொன்னதும் அதையே. மலையகப் பிள்ளைக்கு இயற்கை தந்த இந்த ஒரே சாதகம் முச்சக்கரவண்டியாலும் நாள்முழுதும் உட்காரவைக்கும் டியூசன் வகுப்பாலும் மெல்லக் குறைந்துவருகிறது.

தீராதவையும் செய்யத்தக்கவையும்

முதலாம் வகை நீரிழிவும் தலசீமியாவும் வளரும் எலும்பைப் பாதிக்கின்றன என்பதில் ஐயம் குறைவு. எல்லையைத் தொட்ட சீனி, நோயாக மாறுமுன்பே பதின்ம எலும்பைக் குறைக்கிறதா என்பது சான்றுகள் சாய்ந்திருக்கும், ஆனால் முடிவாகாத கேள்வி. மெலிந்த பிள்ளையில் சீனிக்கும் எலும்புக்கும் நேரடித் தொடர்பா, பொது வேரா என்பதைப் பிரிக்க, ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு வேண்டும். அத்தகைய ஆய்வு நடக்க, மலையகத்தைவிடப் பொருத்தமான இடத்தை இலங்கையில் காண்பது கடினம்.

ஆய்வு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உள்ளன. இலங்கைப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில் நடக்கிறது. கடைசி இரண்டும் எலும்பு உச்சத்தின் வாசலிலும் வெளிவாசலிலும் சரியாக அமைந்திருக்கின்றன. உயரமும் எடையும் குறிக்கும் அந்த அட்டையில் மூன்று கேள்விகள் கூடினால் போதும்: இதுவரை எலும்பு முறிந்ததுண்டா, வீட்டில் யாருக்குச் சீனி வருத்தம், பெண்பிள்ளையானால் எப்போது பெரியமனுஷி ஆனாள். இவற்றுக்குக் கருவி தேவையில்லை, செலவும் இல்லை. ஐயமுள்ள பிள்ளையைத் தியத்தலாவை ஆதார வைத்தியசாலைக்கோ பதுளை போதனா வைத்தியசாலைக்கோ அனுப்ப அந்த அட்டையே போதும். இன்சுலின் போடும் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் சீனி எண்ணுக்குப் பக்கத்தில் உயரத்தையும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். வளரும் வயதில் உயரம் நின்றால் எலும்பும் தடைப்படுகிறது என்று ஐயுறலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் தோட்ட நிர்வாகங்களும் பாடசாலை அதிபர்களும் இதை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். 2016இல் உயரம் குறைந்தவர்களாக எண்ணப்பட்ட பிள்ளைகளுக்கு எலும்பு சேரும் ஆண்டுகள் இன்னும் சிலவே மீதமிருக்கின்றன.